டக்ளஸ் நிக்கல்ஸ்

ஆஸ்திரேலிய நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் பந்தாட்டம் ஒன்று உண்டு. அதன் பந்தும் முட்டை வடிவினது. ஆடும் திடலும் முட்டை வடிவினது. அணிக்கு 18 பேராகத் திடலில் இறங்கி, காலால் உதைத்தும் கையால் குத்தியும் பந்தைச் செலுத்துவர். இவ்வாட்டத்தால் பெற்ற புகழைத் தம் இனத்தாரின் உயர்வுக்கே பயன்படுத்திய சான்றோர் டக்ளஸ் நிக்கல்ஸ் ஆவார்.

வெள்ளையர் குடியேறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர் அந்நாட்டுப் பழங்குடி மக்கள். அவருள் யோர்ட்டா யோர்ட்டா என்னும் இனத்தில், 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நிக்கல்ஸ் பிறந்தார். மரே ஆற்றங்கரையில் உள்ள கமரகஞ்சா என்னும் குடியிருப்பே அவரது ஊர். பழங்குடிச் சிறாரைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்துச் செல்லும் கொடுமை அக்காலத்தில் நிலவியது. நிக்கல்ஸின் 8ஆம் வயதில், 16 வயதான அவர்தம் தமக்கை ஹில்டாவைக் காவலர் வலிந்து கொண்டு சென்றனர். பெண்களைப் பணிப்பெண்களாகப் பழக்கும் இல்லம் ஒன்றில் அவள் சேர்க்கப்பட்டாள். அக்காட்சியைச் சிறுவர் தம் கண்ணாரக் கண்டார்.

வளர்ந்தபின் ஆட்டுப் பண்ணைகளில் உழைத்த நிக்கல்ஸ், பந்தாட்டத்திலும் தேர்ச்சி பெற்றார். 1927இல் மெல்போர்ன் நகரின் பெரிய கழகம் ஒன்றை நாடினார். அங்கிருந்தோர் அவரது கறுப்பு நிறத்தை இழித்துரைத்து ஒதுக்கினர். அவர் மனந்தளராது நார்த்கோட் அணியிற் சேர்ந்தார். 158 செண்டிமீட்டரே உயரமுடைய அவர் மின்னலென ஓடுவார். 1929இல் அவ்வணி வாகை சூடியது.

1932இல் பிட்ஸ்ராய்க் கழகம் அவரை ஏற்றது. அங்கும் ஆடை மாற்றும் அறையில் அவர் தனியே ஒதுங்கியிருந்தார். அதைக் கண்ட ஹேடன் பண்டன் என்பார் தாமே சென்று அவரருகில் அமர்ந்தார். பண்டனோ நாடறிந்த ஆட்டக்காரர். முந்திய ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பதக்கம் பெற்றவர். அவர் காட்டிய அன்பு நிக்கல்ஸுக்குப் பெருந்துணையாயிற்று. பிட்ஸ்ராய் அணிக்காக 54 ஆட்டங்கள் ஆடிய நிக்கல்ஸ், 1935இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்பெற்றார்.

ஆட்டக்களத்தை விட்டபின் அவர் கிறித்தவப் போதகராகி, ஏழை எளியோர்க்குத் தொண்டாற்றினார். பழங்குடி மக்களின் முன்னேற்றத்துக்கென 1957இல் ஒரு சங்கம் தோன்றத் துணைநின்றார். நாட்டின் மக்கள் தொகைக் கணக்கில் பழங்குடியினரையும் சேர்த்தெண்ண வேண்டும் என்று போராடியோருள் அவரும் ஒருவர். 1967இல் நடந்த பொது வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் அதற்கு இசைந்தனர். 1972இல் அவர் ‘சர்’ பட்டம் பெற்றார். 1976இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார். பழங்குடியினருள் அப்பதவியை எய்திய முதல்வர் அவரே. உடல்நலம் குன்றியதால் அடுத்த ஆண்டே பதவி துறந்தார். 1988இல் மறைந்த அவரது உடல், பிறந்த மண்ணாகிய கமரகஞ்சாவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

2016 முதல் ஆஸ்திரேலியப் பந்தாட்டப் போட்டிகளில் ஆண்டுதோறும் ஒரு சுற்று அவர் பெயரால் நடைபெறுகின்றது. பிறரால் இழிக்கப்பட்டபோதும் நிக்கல்ஸ் தம் பண்பினின்று வழுவவில்லை. ஒதுக்கப்பட்ட ஒருவரின் அருகில் சென்று அமர்ந்த பண்டனின் செயலும் போற்றத்தக்கதே. இவ்விரண்டும் நாம் நெஞ்சிற் கொள்ள வேண்டியவை அல்லவா?