சொதி கொதிக்கும் நேரம்

பகலுணவு முடிந்து வெயில் சற்றே தணியும் வேளையில், லிங்கநகரில் உள்ள எங்கள் வீட்டு முன்கூடத்தில் நாள்தோறும் ஓர் அடுப்பு மூட்டப்படுகிறது. அதற்கு விறகு வேண்டாம். அதில் புகை இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் எரியும் அடுப்பு அது. அதன் முன்னே சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரோ ஓர் அம்மையார் வெங்காயம் அரிவதை இமை கொட்டாமல் பார்த்திருப்பவன் நான்.

"அப்பப்பா, வயிறு நிறையச் சாப்பிட்டுப்போட்டு இதை ஏன் பாக்கிறியள்?" என்று கேட்பாள் என் பேத்தி.

நியாயமான கேள்விதான். பசித்தவன் உணவைப் பார்ப்பதில் பொருள் உண்டு. உண்டு முடித்தவனும், வெந்நீர் வைத்துங்கூடப் பழகாதவனுமாகிய ஒருவன் பிறர் சமைப்பதைப் பார்த்து எதைப் பெறுகிறான்?

விடை உணவில் இல்லை என்பது எனக்கு முதலிலேயே தெரிந்தது. அவர்கள் சமைக்கும் பண்டங்களிற் பாதியை நான் உண்டதே கிடையாது. என்னை ஈர்ப்பவை வேறு. கடுகு வெடிக்கும் ஓசை. சட்டியின் விளிம்பிலே அகப்பையைத் தட்டும் ஒலி. "இனி உப்புப் போடுவோம்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல் வரும் அந்தக் குரல். தாய் சமைக்க, அடுக்களை வாசற்படியில் குந்தியிருந்து வளர்ந்தவனுக்கு இவற்றின் அருமை விளங்கும்.

தொலைக்காட்சி தருவது கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே. மணத்தை நாமே நினைவிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூக்கின் வழிச் செல்லும் செய்தி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை ஏனைய புலன்களின் செய்தியைவிட நேரடியாகச் சென்றடைகிறது என்பர் அறிவியலார். என் அனுபவம் அதன் மறுதலை. நினைவு முதலில் எழுகிறது. மணம் அதன் பின்னால் வருகிறது. பெட்டிக்குள் எங்கோ சென்னையில் வதங்கும் வெங்காயம், திருகோணமலைக் குசினியின் வெந்தயமும் கறிவேப்பிலையுமாக என் மூக்கில் மணக்கிறது.

தொலைக்காட்சிச் சமையலுக்கு உலகப் புகழ் தேடித் தந்த ஒருவர் இலங்கையில் வாழ்ந்தவர் என்று படித்தபோது வியப்படைந்தேன். ஜூலியா சைல்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இரண்டாம் உலகப் போரின்போது தம் நாட்டு உளவு நிறுவனத்தின் ஆவணங்களைப் பேணும் பணிக்காக 1944இல் இங்கு வந்து கண்டியில் இருந்தார். அன்று அவர் சமையற்கலைஞர் அல்லர். இங்கே பழகிய பால் சைல்டை 1946இல் மணந்து, பின்னர் பாரிசுக்குச் சென்றே அக்கலையை முறையாகப் பயின்றார். 1963இல் பொஸ்டன் நகரத்திலிருந்து அவருடைய நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. படத்தை வெட்டி ஒட்டி அழகுபடுத்தும் வசதி அந்நிலையத்துக்கு அதிகம் இருக்கவில்லை. ஒருமுறை உருளைக்கிழங்கு அடை ஒன்றைத் தூக்கிப் புரட்டுகையில் அது சிதறி, ஒரு பகுதி அடுப்பின் மேலே விழுந்தது. அம்மையார் கலங்கவில்லை. அதை எடுத்து மீண்டும் சட்டியில் இட்டார். சமையலறையில் தனியே இருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்று தேற்றவும் செய்தார்.

இன்றைய நிகழ்ச்சிகளில் எதுவும் சிதறுவதில்லை. "நான்கு மணிநேரம் ஊறட்டும்" என்ற சொல் வாயில் இருக்கும்போதே ஊறிய அரிசி மேசைக்கு வந்துவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு பெரியவரும் அவர் பேரன்மாரும் 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைக் கடந்தது. இணையத்தில் வரும் அதையும் பெட்டியில் போட்டுத் தருவாள் பேத்தி. வயல்வெளியில் அம்மி வைத்து அரைக்கிறார்கள், விறகடுப்பில் ஆக்குகிறார்கள். காண இனிமைதான். ஆயினும் அங்கேயுங்கூட, நீர் கொதிக்கும்வரை நம்மைக் காத்திருக்க விடுவதில்லை.

என் தாயாரின் சமையலிலோ பாதிக்குமேல் காத்திருத்தலே. விளைமீன் சொதிக்குத் தேங்காயைத் திருவி, முதற்பாலை வேறாக எடுத்து வைப்பார். இரண்டாம் பாலில் மீனும் பச்சை மிளகாயும் வெந்தபின் முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்பார். துழாவாமல் கொதிக்கவிட்டால் பால் திரைந்து, எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரிந்துவிடும். அந்தத் துழாவலின்போதுதான் கதைகள் பிறக்கும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை அப்படித்தான் கேட்டேன். அப்போது தாயாருக்குப் பத்து வயது. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கவும் நேரமின்றி ஊரைவிட்டு ஓடினார்களாம். சில நாள் கழித்துத் திரும்பியபோது சட்டி கரிந்து கிடந்ததாம். "குண்டுக்கு அழாத என்ரை அம்மா, அந்தச் சட்டியைப் பாத்துத்தான் அழுதா" என்பார். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது நாங்களும் அவ்வாறே ஓடினோம். திரும்பி வந்தபோது அம்மியும் இல்லை, திருவலையும் இல்லை. தாயாரும் பின்னர் மறைந்தார். சொதியின் பக்குவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அது போயிற்று என்றே எண்ணியிருந்தேன்.

சென்ற மாதம் ஒருநாள் பெட்டியில் ஒருவர் சொதி வைத்தார். முதற்பால் விட்டார், நுரை எழுந்தது. அடுப்பு எரியும்போதே எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். "இறக்கிப்போட்டுத் தேசிக்காய் விடு! திரையப் போகுது!" என்று நான் உரக்கக் கத்திவிட்டேன். பேத்தி ஓடிவந்தாள்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமோ, அப்பப்பா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். கைக்குத் தெரியாததைக் கண் அறிந்து வைத்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வாசற்படியில் இருந்து பார்த்தவை ஒன்றும் அழியவில்லை. நாள்தோறும் இந்தப் பெட்டியின்முன் நான் பெற்றுவந்த ஆறுதலின் பொருளும் அப்போது புலனாயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் சமையலை அன்று. இழந்துவிட்டதாக எண்ணிய அடுக்களை ஒன்றையே.

அன்று மாலை விளைமீன் வாங்கி வந்தோம். பேத்தி பால் பிழிந்தாள். நான் சொல்லச் சொல்ல உப்பிட்டாள். முதற்பால் விட்டதும் அகப்பையை அவள் கையிற் கொடுத்து, துழாவச் சொன்னேன். "எவ்வளவு நேரம்?" என்றாள். பெட்டியில் என்றால் அரை நொடி.

"கொதி வருமட்டும்" என்றேன்.

அவள் துழாவினாள். அடுக்களையில் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பப்பா, அப்பம்மா வீட்டுச் சட்டி கரிஞ்ச கதை எண்டு அப்பா சொல்லுவார். அது என்ன?" என்று அவளே கேட்டாள்.

சொல்லி முடிக்கவும் நுரை எழவும் சரியாக இருந்தது. அந்தச் சட்டி என் அப்பம்மாவுடையது அன்று, அம்மம்மாவுடையது என்பதை இடையிலே திருத்தவும் தவறவில்லை. சட்டியை இறக்கித் தேசிக்காய் விட்டோம். சொதி திரையவில்லை. உப்பு மட்டும் சற்றுக் கூடிவிட்டது. அது கதை சொன்னவனின் பிழை.