குற்றத்துக்கு ஆளானவளின் முகவரி

நாடற்றவர்களைப் பற்றி எழுதும்போது ஹன்னா அரெண்ட் ஒரு விபரீதமான அளவுகோலைத் தருகிறார். ஒரு மனிதன் சட்டத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டானா என்று அறிய வேண்டுமானால், ஒரு சின்னக் குற்றம் செய்வதால் அவன் நிலைமை மேம்படுமா என்று கேட்டுப் பாருங்கள் என்பது அதன் சாரம். திருடிப் பிடிபட்ட அகதிக்கு விசாரணை உண்டு, வக்கீல் உண்டு, படுக்க இடமும் சாப்பாடும் உண்டு. ஒன்றும் செய்யாத அகதிக்கு இவற்றில் எதுவும் நிச்சயமில்லை. இது 1951இல் எழுதப்பட்டது. அரெண்ட் குற்றம் செய்தவனை வைத்துப் பேசினார். குற்றத்துக்கு ஆளானவளை வைத்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதுதான் கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரும் மின்சார ரயில் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று நின்று நின்று வரும். பெத்திக்குப்பம் முகாமிலிருந்து பெயின்ட் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வருகிற ஈழத்தவர்கள் இந்த வண்டியில் உண்டு. மேற்கே புழல் காவாங்கரையில் இன்னொரு முகாம். அந்தப் புழலில்தான் 2006இல் திறந்த மத்திய சிறையும் இருக்கிறது. அரசாங்கத்தின் இரண்டு கூரைகள் ஒரே ஊரில். எந்த முகாம் என்று சொல்லாமல் விடுகிறேன், ஒரு பெண் என்னிடம் வந்தாள். எட்டு வயதில், 1990இல், படகில் வந்தவள். புருஷன் அடித்ததில் இடது முன்கை எலும்பு முறிந்திருந்தது. போலீசில் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னா அவர் பேரையும் எண்ட பேரையும் சேர்த்து வெட்டிப்போடுவாங்க அக்கா. பதிவு போச்சுன்னா வீடும் போச்சு."

இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முகாமின் இயக்கம் தெரிய வேண்டும். தமிழக அரசு 2021இல் தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். முகாமில் வீடு என்பது வாடகையும் அல்ல, சொந்தமும் அல்ல. அது பதிவின் ஒரு பகுதி. அட்டையில் பெயர் இருக்கும்வரை கூரை இருக்கும். தலை எண்ணும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பணக்கொடை நிற்கும், தொடர்ந்தால் பெயரே போகலாம். அட்டைக்குக் 'குடும்பத் தலைவர்' ஒருவர் உண்டு. மாதப் பணக்கொடையிலேயே இந்தப் படிநிலை எழுதப்பட்டிருக்கிறது: 2021 உயர்வுக்குப் பின் தலைவருக்கு 1500, மற்றப் பெரியவர்களுக்கு 1000, பிள்ளைகளுக்கு 500. தலைவர் என்பது ஏதோ நிர்வாக வசதிக்கான சொல் என்று நினைத்திருந்தேன். கை ஒடிந்தவளோடு உட்கார்ந்து பேசியபோதுதான் அந்த 500 ரூபாய் வித்தியாசம் என்ன பேசுகிறது என்று உறைத்தது. அடித்தவர் தலைவர். வீடு அட்டையோடு. அட்டை தலைவரோடு.

சரி, வெளியே வீடு பார்க்கலாம் என்று திருவொற்றியூர்ப் பக்கம் இரண்டு பேரும் நடந்தோம். தேரடியில் ஆரம்பித்து ராயபுரம் வரை ஒன்பது வீடு. வீட்டுக்காரம்மாக்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. ஒருத்தி காப்பிகூடக் கொடுத்தாள். "ஆதார் கீதா மா?" இருந்தது, நீட்டினாள். "இன்னா மா, விலாசத்துல முகாம்னு போட்டுக்கீது? சிலோன்காரங்களா? புருஷன் கூட இல்லியா?" அத்தோடு சரி. கேட்டது பத்து மாச அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. அந்தச் சட்டம் வடசென்னைச் சந்துகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

வீட்டுக்காரர்களின் இந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லப்பட்ட ஐந்து வெளிமாநிலத்தவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டி, குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தரவேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டது. அந்நியர் என்றால் குற்றம் செய்யக்கூடியவர் என்ற அனுமானம் அப்போது ஒரு படிவமாகவே அச்சாகிவிட்டது. அந்நியர் குற்றத்துக்கு ஆளாகவும் கூடும் என்பதற்குப் படிவம் ஏதும் அச்சாகவில்லை. மணலியில், எண்ணூரில் லைன் ரூம்களில் கிடக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கும் இதே கதைதான்: மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொண்டு அடித்தால், புகார் கொடுத்த ராத்திரி அவன் எங்கே படுப்பது? ரூம் மேஸ்திரியுடையது. அவனுக்கு ஊர் திரும்ப ரயிலாவது உண்டு, இவளுக்கு அதுவும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

சட்டம் என்ன சொல்கிறது? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தக்கூடாது. 1998இல் ஹௌராவில் ரயில்வேயின் யாத்ரி நிவாஸ் விடுதியில் வங்கதேசத்துப் பெண்ணொருத்தி கூட்டு வல்லுறவுக்கு ஆளானாள். குடியுரிமை இல்லாதவருக்கு ஏன் இழப்பீடு என்பது ரயில்வேயின் வாதங்களில் ஒன்று. அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்றே சொல்கிறது என்று கூறி, பத்து லட்ச ரூபாய் இழப்பீட்டை 2000இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதேபோல 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாதிக்கப்பட்டவர் 'எந்தப் பெண்ணும்' என்கிறது, இந்தியப் பெண் என்று சொல்லவில்லை. 17ஆம் பிரிவு அவளுக்குப் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைத் தருகிறது. 19ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் புருஷனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம், அல்லது வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லலாம்.

முகாம் அறை 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' ஆகுமா? 2006இல் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லை ரொம்பவும் குறுக்கியது. மாமியார் பெயரில் உள்ள வீடு கணக்கில் வராது என்றது. 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் அதைத் திருத்தி, பெயர் யாருடையது என்பது முக்கியமல்ல, அங்கே நிலையாக வாழ்ந்தார்களா என்பதே முக்கியம் என்றது. அப்படியானால் அரசு ஒதுக்கிய முகாம் வீடும் இதற்குள் வரும் என்பது என் வாசிப்பு. இன்னொரு செய்தி: இதற்குப் போலீஸ் வழக்கு தேவையில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மூலமோ நேரடியாகவோ நடுவரிடம் மனுப் போடலாம். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும். புகார் வேறு, மனு வேறு. இந்த வேறுபாட்டை முகாம்களில் யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? வழக்கு என்று ஆனால் புருஷன் 'சிறப்பு முகாமு'க்குப் போவான் என்ற பயம். பூந்தமல்லி, செங்கல்பட்டு, பின்னால் திருச்சி: ஜாமீன் கிடைத்தவர்களைக்கூட வெளிநாட்டவர் சட்டத்தின் பெயரால் அடைத்து வைத்த இடங்கள் அவை. அவனை அங்கே அனுப்பியவள் என்ற பெயரோடு முகாமில் எந்தப் பெண் குடியிருப்பாள்? வெளியேற்றும் உத்தரவு கிடைத்தாலும் அவன் எங்கே போவான்? திருவொற்றியூரில் அவனுக்கு மட்டும் வீடு கிடைக்குமா? அவன் மறுபடி அவள் வாசலில்தான் வந்து நிற்பான். சட்டம் இரண்டு வீடு உள்ள உலகத்தைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டது. முகாமில் பலருக்கு இருப்பது ஒரே அறை.

வெளிநாடுகளைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் 'யூ விசா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கடுங்குற்றத்துக்கு ஆளாகிப் போலீசுக்கு உதவும் குடியேறிக்குத் தங்கும் உரிமை. அரெண்டின் அளவுகோலை அப்படியே தலைகீழாக்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று வரம்பு, காத்திருப்போ பல வருஷம், போலீசின் சான்றும் வேண்டும். பிரிட்டனில் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் போராடி, 2012இல் கணவன்வழி விசாவில் வந்து அடிபட்ட பெண்ணுக்கு மூன்று மாதம் அரசு உதவி பெற வழி செய்தார்கள். உதவி பெற முடிந்தால் காப்பகம் அவளுக்குக் கதவைத் திறக்கும். தஞ்சம் கோரிக் காத்திருப்பவனின் மனைவிக்கு அது பொருந்தவில்லை. அங்கேயும் எந்தக் காகிதத்தில் வந்தாய் என்பதுதான் முதல் கேள்வி.

நம்மிடமே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து துறைமுகத்தில் வந்திறங்கியவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைக்கப்பட்டார்கள். கடனும் மனையும் கிடைத்தன, பர்மா பஜார் வந்தது, வியாசர்பாடியில் வீதிகள் வந்தன. 1983க்குப் பின் வந்தவர்கள் 'அகதி'. 2021இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. 7,469 புது வீடுகள் அறிவிக்கப்பட்டு, 2022இல் திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம், சந்தேகமில்லை. அந்த வீடுகளுக்குள் அடிபடுகிறவள் தனி அட்டை கேட்டால் தருவதற்கும், அவசரத்தில் வேறு முகாமுக்கு மாற்றுவதற்கும் ஒரு நடைமுறை வேண்டும். முகாம் மாற்றம் என்பது இப்போதும் இருப்பதுதான். மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். கை ஒடிந்தவளுக்குக் காத்திருக்க எத்தனை நாள் உண்டு? அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள்தான் தங்கலாம்.

அவளும் ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் காலடிப்பேட்டையில் ஒரு மாடி அறை கிடைத்தது. ஒப்பந்தத்தில் என் பெயர், என் ஆதார். வீட்டுக்காரம்மாவுக்கு விஷயம் தெரியும். "கேட்டா ஒன் தங்கச்சின்னு சொல்லிக்கிறேன்" என்றாள். நடுவர் மன்றத்தில் மனு இருக்கிறது. தலை எண்ணும் நாள் வந்தால் விடியற்காலை முதல் வண்டி ஏறிப் போய், புருஷனுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறாள். கூட யாராவது போகிறோம்.