கேஸை மாற்றினால் மட்டும் போதுமா?

அப்பாவின் புரோட்டோன் சாகா 1988ஆம் ஆண்டு வாங்கியது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு, கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலுக்குப் போய்வருவார். புதுக் கார் வாங்கித் தருகிறோம் என்று பிள்ளைகள் சொல்லியும், "நான் இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

சென்ற ஆண்டு ஏர்கோன் நின்றுபோனது. நண்பகல் நெரிசலில் சிக்கி அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. பதறிப்போய், கண்ணில் பட்ட ஒரு பட்டறையில் காரை விட்டோம். "பழைய கேஸ் இப்போ கிடைக்காது, புது கேஸ் போட்டா சரியாயிடும்" என்றார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நன்றாகத்தான் குளிர்ந்தது. மூன்றாவது மாதம் கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டது.

கிள்ளானில் பல காலமாக ஏர்கோன் வேலை மட்டுமே பார்த்துவரும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனோம். கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, கேஸை மாத்துனாங்க. எண்ணெயை மாத்தலையே!"

ஏன் புது கேஸ்?

1985 ஜூலையில் முதல் சாகா அறிமுகமானபோது, உலகெங்கும் கார்களில் ஆர்-12 என்ற கேஸ்தான் ஓடியது. இவ்வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974இலேயே எச்சரித்தனர். 1987இல் மொன்றியல் ஒப்பந்தம் உருவானது. 1989இல் மலேசியாவும் அதில் இணைந்தது. 1990களில் கார் நிறுவனங்கள் ஆர்-134ஏ கேஸுக்கு மாறின. வளரும் நாடுகளும் 2010க்குள் ஆர்-12ஐக் கைவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால்தான் பழைய கார்களுக்கு இந்தத் தலைவலி.

எண்ணெய்க்கும் கேஸுக்கும் என்ன உறவு?

கம்ப்ரஸருக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. கேஸோடு கலந்து குழாய்களில் சுற்றிவரும் எண்ணெய்தான் அதைக் காப்பாற்றுகிறது. ஆர்-12 காலத்து மினரல் எண்ணெய் ஆர்-134ஏ கேஸோடு கலப்பதில்லை. அது குழாய்களிலேயே தங்கிவிடும். கம்ப்ரஸர் காய்ந்து தேயும். எங்கள் காருக்கு நடந்ததும் இதுதான்.

முறையான மாற்றம் என்பது இதுதான்:

மிச்சமுள்ள பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பழைய எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, எஸ்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். பாகங்களின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையங்களையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போட வேண்டும். பிறகு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்யூம் போட்டு, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும்.

அளவும் முக்கியம். பழைய கேஸின் எடையில் 80 முதல் 90 விழுக்காடு வரைதான் புது கேஸ் ஏற்ற வேண்டும். முன்பு 800 கிராம் பிடித்த காருக்கு 640 முதல் 720 கிராம் போதும். கூடுதலாக ஏற்றினால் குளிர் கூடாது, அழுத்தம்தான் ஏறும். கடைசியாக, எந்த கேஸ், எந்த எண்ணெய் என்று எழுதி போனெட்டுக்கு அடியில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து கை வைப்பவர் தவறு செய்யாமல் இருக்க அது உதவும்.

எண்ணெய், டிரையர் எதையும் மாற்றத் தேவையில்லை என்று சொல்லி, புரோப்பேன், பியூட்டேன் கலந்த மலிவான கேஸைச் சிலர் போடச் சொல்வார்கள். சமையல் கேஸின் இனம் அது, தீப்பிடிக்கக் கூடியது. காரைக் குளிரவைக்கும் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. அதில் கசிந்தால் கேஸ் நேராக நம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும். நாலு காசு மிச்சம் பிடிக்க இந்த ஆபத்து வேண்டாம்.

இன்னொன்று: ஆர்-12 கேஸிலேயே உங்கள் கார் இன்னும் நன்றாகக் குளிர்கிறது, கசிவும் இல்லை என்றால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது. பழுதாகித் திறக்கும் நாளில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலுவுள்ளது. எனவே அதையும் கசியவிட்டு மீண்டும் மீண்டும் நிரப்புவது சரியல்ல. முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

எங்கள் சாகாவுக்கு இரண்டு நாள் வேலை பிடித்தது. நெரிசலில் நிற்கும்போது முன்பிருந்த அளவு குளிர் இல்லைதான். புது கேஸுக்கு அழுத்தம் கூடுதல் என்பதால், பழைய கண்டென்சருக்குக் காற்று நிறைய வேண்டும் என்றார் மெக்கானிக். விசிறியை மாற்றிய பிறகு குறை தெரியவில்லை.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, "எவ்வளவு ஆகும்?" என்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எண்ணெயும் டிரையரும் மாத்துறீங்களா?" அதற்கு வரும் பதிலை வைத்தே சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.