மெத்தையைப் பார்க்காதீர்கள், மேட்டைப் பாருங்கள்

வீட்டோடு ஒரு பயணம் – 7: கல்வராயன் மலை

கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போகலாமா, கூடாரத்தில் தங்கினால் சரிப்படுமா, கேரவன் மேலே ஏறுமா? இந்தத் தொடரைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்பவை இவை. தாராளமாகப் போகலாம். கூடாரமும் சரிப்படும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விளம்பரப் படத்தில் மெத்தை இருக்கும், வெள்ளை விரிப்பு இருக்கும், வண்ண விளக்குச் சரம் தொங்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைவெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவு எங்கே போகிறது, அவசரத்துக்கு மலையிறங்க எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் படத்தில் வராது. இரவுத் தூக்கம் இவற்றைப் பொறுத்துத்தான் அமையும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மேலே ஏறினால் கரியாலூர் வரும். அதற்கப்பால் வெள்ளிமலை, கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடம். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. ஊட்டிக் குளிரை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மார்கழி, தையில் கம்பளி தேவைப்படும். மற்ற மாதங்களில் ஒரு போர்வை போதும். பெரியார் அருவி, மேகம் அருவி, கரியாலூர் படகுத்துறை, சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், கடுக்காய் மரங்கள் என்று பார்க்க நிறைய உண்டு. கூட்டம் குறைவு என்பதே இந்த மலையின் பெரிய கவர்ச்சி.

முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் சரிவு. ஓடைக்கரையில் கூடாரம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். மலையின் மறுபக்கம் கொட்டிய மழை சில நிமிடங்களில் ஓடையில் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் சிறுவன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளை மூடி ஏழு பேர் இறந்தார்கள். ஓடைக்கரையிலும் கூடாது, செங்குத்தாக வெட்டிய மண்சுவருக்கு அடியிலும் கூடாது. ஓடையைவிட நன்றாக உயர்ந்த, மரவேர் பிடித்த, லேசான சரிவுள்ள மேடுதான் நல்ல இடம்.

கூடாரம் தரையில் நிற்கிறதா, மேடையில் நிற்கிறதா என்றும் கேளுங்கள். மரத்திலோ இரும்பிலோ ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் கூடாரம் அமைத்திருந்தால் ஈரம் ஏறாது, பூச்சி பொட்டு குறையும், பாம்பு உள்ளே நுழைவதும் குறையும். தரையில்தான் என்றால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். பல இடங்களில் அது அடுத்த கூடாரத்தின் வாசலில் முடிந்திருக்கும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை வழக்கம். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் கூடாரம் இருந்தால் வேறு கூடாரம் கேளுங்கள். இடி இடிக்கும்போது துணிக்கூடாரம் நம்மைக் காப்பாற்றாது. இரும்புக் கூண்டு கொண்ட வண்டியோ கான்கிரீட் கூரையோ காப்பாற்றும். ஓடி ஒதுங்க அப்படி ஒரு கட்டடம் பக்கத்தில் இருப்பது அவசியம்.

இனி கேரவன். மத்திய சுற்றுலா அமைச்சகம் கேரவன்களுக்கும் அவை நிற்கும் பூங்காக்களுக்குமான கொள்கையை 2010-லேயே வெளியிட்டது. கேரளம் 2021-ல் தனிக் கொள்கை கொண்டுவந்து, 2022 பிப்ரவரியில் வாகமனில் முதல் பூங்காவைத் திறந்தது. அப்படிப்பட்ட ஏற்பாட்டை எதிர்பார்த்துக் கல்வராயனுக்குப் பெரிய வண்டியை ஏற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். வேன் அளவு வண்டி என்றால் ஏற்றலாம். நிறுத்துமிடத்தில் இறங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி வண்டியின் தரையில் படுக்க வையுங்கள். உருண்டால், சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து வண்டியைச் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் தலை ஒரு பக்கம் சரியும், தொட்டித் தண்ணீர் வடியாமல் தேங்கும். ஏசி ஓட வேண்டுமானால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும், எர்த் வயரும் வேண்டும். வீட்டு விளக்குக்குப் போட்ட ஒயரில் ஏசியை மாட்டினால் ஒயர் சூடேறி உருகும்.

கழிவு விஷயத்தைக் கேட்க யாரும் வெட்கப்படக் கூடாது. கேரவன் கழிவறைக்குக் கீழே சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி இருக்கும். அது நிரம்பியதும் வெளியே இழுத்து, செப்டிக் டேங்கில் ஊற்றிக் கழுவ வேண்டும். முகாமில் செப்டிக் டேங்க் இல்லையென்றால் அந்தப் பெட்டி எங்கே காலியாகும்? புதருக்குள்தான். சொகுசுக் கூடாரத்துக்குள் இருக்கும் கழிவறைக்கும் இதே கேள்வி பொருந்தும். கோமுகி ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. மேலே ஓடையில் விட்ட சோப்புத் தண்ணீரும் கழிவும் கீழே அணைக்கும் வயலுக்கும் போய்ச் சேரும். டேங்க்கும் உறிஞ்சுகுழியும் ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டவை சில. குளிருக்காகக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஜெனரேட்டர் புகையிலும் இதே வாயு உண்டு. பாம்பு கடித்தால் இறுகக் கட்டுப்போடவும் கூடாது, கீறவும் கூடாது; நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள். அழைக்க முகாமில் சிக்னல் இருக்கிறதா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மலையில் எல்லா இடத்திலும் கிடைக்காது. பெரிய மருத்துவமனை என்றால் சிறுவங்கூரிலுள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிதான். காட்டை ஒட்டிய முகாம் முறையான அனுமதி பெற்றதா என்பதும் முக்கியம். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்ற பிறகுதான், அனுமதியில்லாத கூடார முகாம்கள் எத்தனை நடக்கின்றன என்று ஊர் பேச ஆரம்பித்தது.

இந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள்: நல்ல தண்ணீர், சாலை, மின்சாரம், கழிவறை, மருத்துவமனை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பல தலைமுறையாகக் கேட்டுவருவதும் இவற்றைத்தான். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் எனப்பட்ட பரம்பரை நிலக்கிழார்கள் கையில் இருந்தது. 2024-ல் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நடந்த விஷச் சாராயச் சாவுகளுக்குப் பின், மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. நாம் இரண்டு நாள் தங்க வருகிறோம். அவர்கள் இங்கேயே இருப்பவர்கள். ஊர்க் குழாயிலிருந்து லாரி லாரியாக எடுத்து நீச்சல் தொட்டி நிரப்பும் முகாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் தங்குவதை நான் வசதி என்று ஏற்க மாட்டேன். உள்ளூர் ஆட்களுக்குச் சமையல், காவல், வழிகாட்டும் வேலை கொடுத்து, சாமையும் தேனும் அவர்களிடமே வாங்கி, மழைநீரைச் சேமித்து, யாருடைய நிலம் என்ற கேள்விக்குக் காகிதத்தோடு பதில் சொல்லும் இடம் எளிமையாக இருந்தாலும் அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். நடைமுறையிலும் அதுதான் நல்லது: நள்ளிரவில் மழை அடித்தால் எந்தப் பாதை திறந்திருக்கும் என்று அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஆகவே என் யோசனை இது. முதல் முறை போகிறவர்கள் கேரவனைக் கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, சிறிய வண்டியில் காலையில் மலையேறுங்கள். மனதுக்குப் பிடித்த முகாமைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். மேடு, வாய்க்கால், டேங்க், சிக்னல், அனுமதி ஐந்தும் சரியாக இருந்தால் அன்றிரவே தங்குங்கள். ஒன்று குறைந்தாலும் கீழே இறங்கிவிடுங்கள். மலை எங்கும் போய்விடாது. இன்னொரு முறை வரலாம்.

(அடுத்த வாரம்: வாகமன் கேரவன் பூங்கா நமக்குக் கற்றுத் தருவது என்ன?)