தலைக்குள் ஏறும் அழுத்தம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

ஏணியில் ஏறிப் பரண் சரக்கு எடுப்பதும் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதும் நமக்கு அன்றாட வேலை. தலையில் அடிபடுவதும் புதிதல்ல. இரத்தம் வந்தால் பதறுகிறோம். வராவிட்டால் தைலம் தடவிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். ஆனால் வெளியே இரத்தம் வராத அடியும் உயிரைப் பறிக்கலாம்.

சாக்கில் கூடுதலாகத் திணித்தால் புடைத்துக் கொடுக்கும். தகர டின் கொடுக்காது. வளர்ந்தவர்களின் மண்டையோடு டின் போன்றது. அதற்குள் மூளை, இரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றும் உள்ளன. பத்தில் எட்டுப் பங்கு மூளையே. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். இக்கணக்குக்கு அடிப்படை வகுத்தவர்கள் ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ (1783), ஜார்ஜ் கெல்லி (1824) ஆகியோர்.

உள்ளே இரத்தம் கசியும்போது, முதலில் நீரும் சிறிது இரத்தமும் மண்டையைவிட்டு வெளியேறி இடம் கொடுக்கின்றன. அதனால்தான் அடிபட்டவர் எழுந்து, "ஒன்றுமில்லை அண்ணாச்சி" என்று சொல்ல முடிகிறது. அந்த இடமும் தீர்ந்தபின், சிறிது கசிந்தாலும் அழுத்தம் மளமளவென ஏறும். படுத்திருக்கும்போது இயல்பான அளவு 7 முதல் 15 மி.மீ. பாதரசம். 22-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் குறைக்க முனைவார்கள். மேலும் ஏறினால் மூளைக்குப் போதிய இரத்தம் போகாது; மூளையும் நசுங்கும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு, இது வேறு. அது சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது.

கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அடிபட்டதும் சற்று நேரம் நினைவு தப்பியிருந்தாலும் அப்படியே. மயக்கத்தில் இருப்பவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். அது கசிவைக் கூட்டும்.

முதியவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அவர்களுக்குச் சிறு அடியின் விளைவு சில வாரங்கள் கழித்தும் தெரியவரலாம்.

அடிபட்ட பணியாளரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல், துணைக்கு ஒருவரை அனுப்பி, வீட்டாரிடம் விவரம் சொல்வோம். நம்மை நம்பி உழைப்பவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.