கூடைப்பந்து சோறு போடுமா?

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பள்ளியில் நன்றாகக் கூடைப்பந்து ஆடினால், வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "இது சோறு போடுமா?" நியாயமான கேள்வி. ஏரியில் இறால் பட்டால்தான் அடுப்பெரியும் என்கிற வீட்டில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. போடும் என்பதே என் பதில். ஆனால் அந்தச் சோறு வருகிற வழியைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

அமெரிக்காவில் டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் லீக் 1997 முதல் நடக்கிறது. ஆட்டக்காரிக்கு அங்கே கிளப்தான் முதலாளி. ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தரும். இந்தியாவில் பெண்களுக்கு அப்படி ஒரு லீக் இன்னும் வேரூன்றவில்லை. இங்கே அவர்களுக்குச் சம்பளம் தந்து ஆடவைப்பதில் முதலிடம் ரயில்வேக்குத்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எடுத்து, பயிற்சிக்கும் போட்டிக்கும் தனி விடுப்பு கொடுக்கிறார்கள். தேசியப் போட்டியில் ரயில்வே தனி அணியாக இறங்கும். பல மாநிலங்களின் சிறந்த பெண்கள் அங்கே சேர்ந்துவிடுவதால் அந்த அணியை வீழ்த்துவது பெரும்பாடு. இதில் பெரிய லாபம், முப்பது முப்பத்தைந்து வயதில் கால் தளர்ந்தாலும் வேலை நிற்காது.

சென்னைப் பெண் அனிதா பால்துரை இதற்கு நல்ல சான்று. 11 வயதில் பந்தைக் கையில் எடுத்தவர், 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவியானார். தெற்கு ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து, 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளியில் தாண்டினார்கள். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தாய்மைக்குப் பிறகு ஆட்டம் முடிந்தது என்று பேசுகிற ஒவ்வொருவரிடமும் நான் இந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டு வாசலைத் தட்டியவர் கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ். 6 அடி 2 அங்குலம் உயரம். அவரும் தெற்கு ரயில்வேதான். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011இல் டபிள்யூஎன்பிஏ அணிகள் அவரை டிரையலுக்கு அழைத்தன. ஒப்பந்தம் அமையவில்லை. இந்தியப் பெண் ஒருத்திக்கு அந்த அழைப்பு வந்ததே பெரிய விஷயம்.

உயரம் குறைந்த பிள்ளைகள் சோர்ந்துபோக வேண்டாம். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டுக்கு உயரத்தைவிடக் கண்ணும் காலும் முக்கியம். லே-அப் பழகும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள்: பந்தைப் பிடித்ததும் வலது கால், இடது கால் என்று இரண்டே அடி, இடது காலால் எம்பி, வலது முழங்காலை உயர்த்தி, போர்டில் வரைந்த கட்டத்தின் மூலையில் பந்தை மெதுவாக வைக்க வேண்டும். இதை இரண்டு கையாலும் செய்யத் தெரிந்தால்தான் கோச் அடுத்த பாடத்துக்குப் போவார்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது முழங்கால் விஷயத்தில். குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் மூட்டுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழியலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அறுவை சிகிச்சை செய்தால் மீண்டும் கோர்ட்டில் இறங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிடும். நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் சிமென்ட் தரைதான். அதனால் முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கவும், தொடைத் தசையை வலுப்படுத்தவும் முதல் நாளிலிருந்தே சொல்லித்தர வேண்டும். பந்து வாங்குமுன் நல்ல ஷூ வாங்குங்கள்.

வேலைக்கான வழி நேரானது. பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி, தேசியப் போட்டி என்று ஏற வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். தேர்வுப் போட்டி வைத்துச் சேர்க்கிறார்கள். முதலமைச்சர் கோப்பையிலும் கூடைப்பந்து உண்டு. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டிரையலில் காட்டும் ஆட்டத்துக்கும் சமீபத்திய ஆண்டுகளின் சாதனைக்கும்தான் பெரும்பங்கு மதிப்பெண். பழைய கோப்பைகளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

எனவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே பி.டி. ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே ஃபைலில் வையுங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். படிப்பையும் விடவேண்டாம், அதற்கும் மதிப்பெண் உண்டு. மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் வரை ஒரே வண்டி. தெற்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் அந்த ஸ்டேஷனை ஒட்டித்தான் இருக்கிறது.