பேட்டன்ட் எடுக்க ஓடும் முன்

கலேவெலயில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி, உம்மாவின் சீனி வருத்தத்துக்காக ஒரு தொலைபேசிச் செயலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீனி அளவைப் பதியலாம், மாத்திரை நேரத்தை அது நினைவூட்டும். பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "உடனே பேட்டன்ட் எடுத்து வை, இல்லாவிட்டால் திருடிவிடுவார்கள்."

நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பணத்தையும் காலத்தையும் வீணாக்கக்கூடிய ஆலோசனை.

பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமையை எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். துறை அறிந்தவர் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கக் கூடாது. கணித முறைகள், வியாபார முறைகள், மனித உடலுக்குச் சிகிச்சையளிக்கும் முறைகள், உடலில் செய்யப்படும் நோயறியும் முறைகள் ஆகியவற்றுக்கு ஆக்கவுரிமை இல்லை. மாத்திரையை நினைவூட்டுவதோ உலகுக்குப் புதிதல்ல.

அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சிகிச்சைக்கோ நோயறியவோ பயன்படும் பொருளுக்கு ஆக்கவுரிமை பெறலாம். விரலில் குத்தாமல் சீனியை அளக்கும் புதிய கருவியை அந்த மாணவி செய்தால் கதை வேறு. அப்போது கண்காட்சியிலோ பேஸ்புக்கிலோ காட்டும் முன்பே விண்ணப்பிப்பது புத்தி. கிடைத்தால் 20 வருட உரிமை, அதுவும் இலங்கைக்குள் மட்டும். ஏனைய நாடுகளில் தனித்தனியே பெற வேண்டும்.

செயலியின் நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. எழுதிய கணத்திலேயே அது வந்துவிடும், பதிவு தேவையில்லை. அது காப்பது எழுதப்பட்ட நிரலை, எண்ணத்தை அல்ல. அதே எண்ணத்தில் இன்னொருவர் சொந்தமாக எழுதினால் தடுக்க முடியாது.

அது அவ்வளவு பெரிய இழப்பா? 2020 ஜனவரியில், இலங்கையில் முதல் கொரோனா நோயாளி இனங்காணப்பட்ட நாட்களில், விமான நிலையத்தில் இறங்குவோரைப் பதிந்து கண்காணிக்கும் முறைமையை சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழுவும் விரைவாக உருவாக்கின. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூல மென்பொருளே அதன் அடித்தளம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால்தான் அத்தனை வேகம். இலங்கையின் அந்த வேலை பிற நாடுகளுக்கும் போனது. நோர்வே கூட அதே மென்பொருளைத் தொற்றாளர் தடமறியப் பயன்படுத்தியது. ஸதகா ஜாரியா பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத கணக்கல்ல.

அந்த மாணவி இப்போது கவலைப்பட வேண்டியது வேறொன்று. செயலியில் சேரும் நோயாளிகளின் விபரங்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாகக் கொள்கிறது. உம்மாவின் சீனி அளவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்பதை எளிய தமிழில், முதல் திரையிலேயே எழுதி வைக்கட்டும்.